ஓர் ஒயில் கூலரின் விலை

கலைப்பீடத்தில் பொருளியல் பயிலும் ஒருத்தி ஆகாய விமானத்தின் எஞ்சின் எண்ணெயைப் பற்றி எழுத முற்படுவது இம்மலரின் வாசகருக்கு விநோதமாகத் தோன்றலாம். பறவைகளைத் தவிர வேறெதுவும் பறப்பதை அருகில் நின்று பார்த்தவளல்லள் நான். விமானத்தில் ஒரு முறையேனும் ஏறியதில்லை. ஆயினும் கடந்த ஓராண்டில், இரு கைகளுக்குள் அடங்கக்கூடிய ஓர் அலுமினியப் பெட்டியைப் பற்றி நான் வாசித்தவையும் கேட்டவையும் என் குறிப்புப் புத்தகத்தில் நாற்பது பக்கங்களை நிரப்பியுள்ளன. அப்பெட்டியை கராஜ்களில் 'ஒயில் கூலர்' என்பார்கள். சூடேறிய எஞ்சின் எண்ணெயைத் தன்னுள் ஓடவிட்டு, வெளியே வீசும் காற்றினால் ஆற்றி, மீண்டும் எஞ்சினுக்கே அனுப்பிவைப்பது அதன் பணி. அதில் எதை வாங்குவது, என்ன விலைக்கு வாங்குவது என்ற ஒரே கேள்விதான் இக்கட்டுரை.

கேள்வி என்னுடையதன்று, என் மாமாவினுடையது. அம்மாவின் கடைசித் தம்பியாகிய அவர் 1999இல் கனடா சென்றவர். ரொறன்ரோவுக்கு வெளியே ஓர் உலோகத் தொழிற்சாலையில் இரவு வேலை. வீட்டோடு சேர்ந்த கராஜில் காருக்கு இடமில்லை. அங்கே ஏழு ஆண்டுகளாக ஒரு விமானம் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒருவர் மட்டும் அமரக்கூடியது. மரச் சட்டங்களால் ஆனது. சிறகுகளுக்குத் துணி போர்த்தியது. பிரான்சைச் சேர்ந்த ரொஜர் துருவீன் 1950களின் தொடக்கத்தில் வரைந்து கொடுத்த 'ரேபுலன்ற்' என்னும் வடிவம் அது. வீட்டில் இருந்தபடியே ஒருவர் கட்டிக்கொள்ளத்தக்கதாகவும், வொக்ஸ்வாகன் காரின் எஞ்சினைக் கொண்டு பறக்கத்தக்கதாகவும் அவர் அதனை அமைத்தார்.

விமானத்தை வீட்டில் கட்டுவதா என்று நானும் முதலில் திகைத்தேன். விசாரித்தபோது அது ஒரு நீண்ட மரபு என்று அறிந்தேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பேர்னாட் பீற்றன்போல் என்ற தன்முயற்சிக் கைவினைஞர் 1920களின் இறுதியில் ஃபோர்ட் மொடல் ஏ காரின் எஞ்சினைத் தம் மரவிமானத்தில் பூட்டிப் பறந்தார். இத்தகையோருக்கான சங்கம் ஒன்று 1953இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் போல் பொபரெஸ்னி என்பவரால் தொடங்கப்பட்டது. 1970 முதல் ஒஷ்கொஷ் நகரில் அவர்களது பெருவிழா நடைபெற்று வருகிறது. கட்டும் வேலையிற் பாதிக்கு மேற்பட்டதைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் விதி. அவ்விதிக்கு உட்பட்டால், எஞ்சினும் அதன் உறுப்புகளும் விமானத்துக்கென்று சான்று பெற்றவையாக இருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டாவது சலுகையிலிருந்துதான் எல்லாச் சிக்கலும் பிறக்கிறது. சான்று பெற்ற பொருளை மட்டுமே வாங்கலாம் என்றிருந்தால் தெரிவு என்பதே எழாது. கையிற் பணம் இருக்கிறதா இல்லையா என்பதோடு விடயம் முடிந்துவிடும். தெரியும் உரிமை வழங்கப்பட்டவனுக்கே தெரிவின் பாரமும் வந்து சேர்கிறது.

மாமா ஏன் என்னிடம் இதைக் கொண்டுவந்தார் என்பதையும் சொல்லவேண்டும். அவர் சங்கத்து நண்பர்கள் எல்லோரும் இயந்திரம் அறிந்தவர்கள். அறிந்தவரோடு பேசும்போது இருவருமே பல படிகளைத் தாண்டிச் சென்றுவிடுகிறோம் என்பது அவருடைய எண்ணம். "உனக்குச் சொல்லி உனக்கு விளங்கினால்தான் பிள்ளை, எனக்கு விளங்கினது எண்டு அர்த்தம்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அழைத்து, விலைப்பட்டியல்களின் படங்களை அனுப்பி, அவற்றையெல்லாம் ஓர் அட்டவணையாக்கித் தரும்படி கேட்டார். நான் ஆக்கிக் கொடுத்தேன்.

வொக்ஸ்வாகன் எஞ்சினைப் பற்றி ஒரு சொல். வண்டு வடிவக் கார் என்று உலகம் முழுவதும் அறியப்பட்ட அந்த வண்டியில், 2003இல் உற்பத்தி நிற்கும்வரை, 2 கோடியே 15 இலட்சத்துக்கு மேல் கட்டப்பட்டன. அதன் எஞ்சினுக்கு றேடியேற்றர் இல்லை. சிலிண்டர்களைச் சுற்றியுள்ள உலோகச் செதில்களின்மேல் ஒரு விசிறி காற்றை வீச, அக்காற்றே எஞ்சினை ஆற்றுகிறது. இத்தகைய பெற்றோல் எஞ்சினில் எரிபொருளின் வெப்பத்தில் மூன்றிலொரு பங்குகூட உந்துவிசையாக மாறுவதில்லை. மிகுதி புகைக்குழாய் வழியாகவும் உலோகச் சுவர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். நீர்ச்சுற்று இல்லாத எஞ்சினில் அப்பாரத்தின் கணிசமான பகுதியை எண்ணெய் சுமக்கிறது. உராய்வைத் தடுப்பது மட்டும் அதன் வேலையன்று. வெப்பத்தைக் கூலிக்குச் சுமக்கும் தொழிலாளியும் அதுவே. வொக்ஸ்வாகனில் அந்தத் தொழிலாளி இரண்டரை லீற்றர் மாத்திரமே. நம் வீட்டுக் குடத்தின் அடியை நனைக்கும் அளவு.

எண்ணெய் சூடேறினால் என்ன என்று நான் கேட்டபோது, மாமா எஞ்சினைப் பற்றிப் பேசாமல் யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசினார். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் குடாநாட்டில் பெற்றோல் மருந்துபோல் ஆகிவிட்டது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினைக் கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல், சூடேறியபின் மண்ணெண்ணெய். அக்காலத்தில் பதினான்கு வயதுப் பையனாக ஒரு கராஜில் கையுதவிக்கு நின்றவர் மாமா. மண்ணெண்ணெய் முழுதாக எரிவதில்லை. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவர் வழியே கீழிறங்கி எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். கராஜ்க்காரர் அளவுகோலை உருவி எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அந்த எண்ணெயைத் தேய்த்து, முகர்ந்து பார்ப்பாராம். விரல்களுக்கிடையே வழுக்கல் போய் 'கரகர' என்று உணர்ந்தால் அந்த எஞ்சினின் நாட்கள் எண்ணப்பட்டவை. "வெப்பம் கூடினாலும் அதுதான். எண்ணெய் மெலிஞ்சு போம். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில ஒண்டும் இருக்காது."

ஆகவே மேல் எல்லை ஒன்று உண்டு. மாமா தமக்கென்று விதித்துக்கொண்டது 110 பாகை செல்சியஸ். அதற்கு மேல் நீடித்துப் பறப்பதில்லை என்பது. கீழ் எல்லையும் உண்டு என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. எரிதலின்போது உண்டாகும் நீராவி கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயில் வந்து சேர்கிறது. எண்ணெய் எப்போதும் குளிர்ந்தே கிடந்தால் அந்த நீர் ஆவியாகிப் போகாமல், எரிதலின் கழிவுகளோடு கூடி அமிலமாகி உலோகத்தை அரிக்கத் தொடங்கும். கனடாவின் மாரியிற் பறப்பவர்கள் குளிரூட்டியின் முகப்பை ஒரு தகட்டால் பாதி மூடிவிடுவதும் இதனாலேதான். பெரிதாக வாங்கிப் பூட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ண முடியாது.

இந்த எஞ்சினுக்கு ஏற்கெனவே ஒரு குளிரூட்டி இருந்தது. விசிறிக் கூட்டுக்குள்ளே எஞ்சினின் மேல் நிமிர்ந்து நின்ற அப்பெட்டி, ஒரு பக்கத்துச் சிலிண்டர்களுக்குப் போகும் காற்றின் பாதையிலேயே அமைந்திருந்தது. விளைவு, அதன் பின்னே இருந்த மூன்றாம் சிலிண்டர் ஏனையவற்றிலும் கூடுதலாகச் சூடேறியது. எண்ணெயை ஆற்றுவதற்காக ஒரு சிலிண்டர் காலம் முழுவதும் விலை கொடுத்துக்கொண்டிருந்தது என்க. 1971ஆம் ஆண்டு மாதிரியிலேதான் குளிரூட்டியைச் சற்று வெளியே தள்ளி, அதற்கெனத் தனிக் கூடு ஒன்று செய்து, அதன் வெப்பக்காற்றை வேறு வழியாக வெளியேற்றினார்கள். பொருளியல் மாணவி என்ற வகையில் இவ்வரலாறு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒன்றுக்குக் கொடுத்த காற்று மற்றொன்றுக்குக் கொடுக்கப்படாத காற்று. அமையச் செலவு என்று நாம் முதலாம் ஆண்டில் எழுதும் வரைவிலக்கணத்திற்கு, துப்பாக்கியும் வெண்ணெயும் என்ற பழைய உதாரணத்தைவிட இம்மூன்றாம் சிலிண்டர் பொருத்தமானது.

விமானத்தில் விசிறியையும் கூட்டையும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். முன்னே சுழலும் உந்தியும் விமானத்தின் வேகமுமே காற்றைத் தருகின்றன. ஆதலால் எண்ணெய்க் குளிரூட்டிக்கு வேறோர் இடமும், பெரும்பாலும் வேறொரு பெட்டியும் தேட வேண்டியதாகிறது. தேடாமலே விடுவதும் ஒரு வழிதான். செஸ்னா 150 என்னும் பயிற்சி விமானத்தின் கொன்ரினென்ரல் எஞ்சினுக்கு வழக்கமாகத் தனிக் குளிரூட்டி இல்லை. எண்ணெய்த் தொட்டியின்மேற் படும் காற்றே போதுமானதாகிறது. மாமாவின் நண்பர் ஒருவர் அதைக் காட்டி, அடியில் செதில்கள் கொண்ட பெரிய அலுமினியத் தொட்டி ஒன்றைப் பூட்டினால் போதும் என்று ஆலோசனை கூறினார். எண்ணெயின் அளவு கூடினால் சூடேறும் நேரம் நீளும் என்பது உண்மையே. ஆனால் நேரம் நீளுதல் வேறு, வெப்பம் வெளியேறுதல் வேறு. நீண்ட ஏற்றத்தின் முடிவில் பெரிய தொட்டியும் அதே வெப்பநிலைக்குத்தான் வந்து நிற்கும்.

செலவைப் பற்றிக் கவலைப்படாதவர் எண்ணெயை எவ்வாறு ஆற்றுவார்? 1931ஆம் ஆண்டு ஷ்னைடர் கிண்ணப் போட்டியில் பறந்த சூப்பர்மரீன் எஸ். 6பி என்னும் பிரித்தானிய விமானத்தில் எண்ணெய் எஞ்சினிலிருந்து புறப்பட்டு, உடலின் பக்கங்களிற் பதித்த மெல்லிய கால்வாய்கள் வழியாக வாற்பக்கம்வரை ஓடி, நிமிர்ந்த வாற்சிறகினுள் அமைந்த தொட்டியிற் சேர்ந்து, மீண்டு வந்தது. சிறகுகளின் மேற்பரப்போ நீரை ஆற்றியது. விமானமே ஒரு குளிரூட்டி. அரசாங்கம் பணம் தர மறுத்த அவ்வாண்டில் சீமாட்டி ஹூஸ்ரன் என்ற செல்வப் பெண்மணி ஒரு இலட்சம் பவுண் கொடுத்து அதைப் பறக்கவைத்தார். இத்தனைக்குப் பின்பும் வெப்பமானியைப் பார்த்து விசையைக் கூட்டிக் குறைத்தே விமானி ஓட்ட வேண்டியிருந்தது. அதே ஆண்டுகளில் பீற்றன்போல் தம் மரவிமானத்தைக் கார் எஞ்சினில் ஓட்டிக்கொண்டிருந்தார். விமானத்தின் வரலாற்றில் சீமாட்டியின் பணத்தால் எழுதப்பட்ட பக்கங்களையே நாம் வாசித்துவருகிறோம். மற்றைய பக்கங்கள் கராஜ்களிற் கிடக்கின்றன.

மாமாவின் பட்டியலில் நான்கு பொருள்கள் இருந்தன. விமானத்துக்கென்றே செய்த சான்று பெற்ற குளிரூட்டி முதலாவது. புதியது அறுநூறு டொலருக்கு மேல். தரத்தில் ஐயமில்லை. ஆயின் அது எங்கள் எஞ்சினிலும் இரண்டு மூன்று மடங்கு வலுவுள்ள எஞ்சின்களை மனத்திற் கொண்டு செய்யப்பட்டது. அதற்கேற்ற பாரமும் உடையது. சிறிய மரவிமானத்தின் மூக்கில் ஒவ்வொரு இறாத்தலும் வாலிற் கணக்குக் கேட்கும்.

இரண்டாவது, தானியங்கிக் கியர்ப்பெட்டி கொண்ட கார்களின் கியர் எண்ணெயை ஆற்றும் பெட்டி. ஐம்பது டொலருக்குள் எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும். பாரமும் குறைவு. மாமாவின் கண் முதலில் இதிற்றான் விழுந்தது. குறை எங்கே என்றால், கியர்ப்பெட்டியின் எண்ணெய் மெல்லியது. அதன் அமுக்கமும் தாழ்ந்தது. எஞ்சின் எண்ணெயோ குளிர்ந்த காலையில் தேன்போல் தடித்து நின்று, பம்பியின் முழு அமுக்கத்தையும் குழாயின்மேற் செலுத்தும். குறுகிய குழாய்களால் ஆன அப்பெட்டி ஒன்றில் அதற்கு வழிவிடாது, அன்றேல் வெடிக்கும். அதன் வாயில்களும் இறப்பர்க் குழாயைச் சொருகிப் பட்டியால் இறுக்கும் வகையின. தெருவில் அது கழன்றால் வண்டி நிற்கும். கீழே எண்ணெய்க்கறை படியும். ஆகாயத்தில் கழன்றால் இரண்டரை லீற்றரும் சிறிது நேரத்திற் போய்விடும். போகும் வழியில் செஞ்சூடான புகைக்குழாய் இருக்கிறது. இப்பொருளை அட்டவணையிலிருந்து நானே கோடிட்டு நீக்கினேன், மாமா மறுக்கவில்லை.

மூன்றாவது, ஓட்டப்பந்தயக் கார்களுக்காகச் செய்யப்படும் அடுக்குத்தகட்டுக் குளிரூட்டி. எஞ்சின் எண்ணெயின் அமுக்கத்துக்கென்றே ஆனது. திருகி இறுக்கும் வாயில்கள் கொண்டது. வேண்டிய எண்ணிக்கையில் அடுக்குகளைத் தெரிந்து வாங்கலாம். மாமா கண்ட விலை நூற்று முப்பத்தைந்து டொலர்.

நான்காவது, பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்தில் கிடைத்த மஸ்டா ஆர்.எக்ஸ். 7 காரின் குளிரூட்டி. வாங்கல் எஞ்சின் எனப்படும் சுழல் எஞ்சின் கொண்ட கார் அது. அவ்வகை எஞ்சின் தன் வெப்பத்தின் பெரும்பங்கை எண்ணெயிடம் ஒப்படைப்பதால் அதன் குளிரூட்டி பெரியது, உறுதியானது, பந்தயக்காரரிடையே நற்பெயர் பெற்றது. விலை நாற்பது டொலர். மாமாவின் மனம் இதில் ஒட்டிக்கொண்டது. எங்கள் எஞ்சினுக்கு இது மிகப் பெரிது என்ற குறையை, முகப்பைத் தகட்டால் மறைத்துச் சமாளிக்கலாம் என்றார்.

இங்கேதான் விலை என்ற சொல்லின் உள்ளே நான் நுழைந்து பார்க்க நேர்ந்தது. அட்டவணையில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதன் விலையை மட்டும் எழுதியிருந்தேன். மாமா அதனருகே இன்னொரு நிரலைச் சேர்க்கச் சொன்னார்: குழாய், இணைப்பி, தீக்காப்பு உறை. உருக்குக் கம்பி பின்னிய குழாய்கள், அவற்றின் நுனிகளுக்கான இணைப்பிகள், தீப்பட்டாலும் சிறிது நேரம் தாங்கும் உறை, எஞ்சினில் எண்ணெயை வெளியே எடுத்துத் திரும்பச் செலுத்தும் இணைப்புத்துண்டு. இவற்றின் கூட்டுத்தொகை இருநூற்று அறுபது டொலர். மூன்றாவதாயினும் நான்காவதாயினும் இத்தொகை மாறாது. நூற்று முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையே மூன்று மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம் என்று கண்ட எனக்கு, முந்நூற்றுத் தொண்ணூற்றைந்துக்கும் முந்நூறுக்கும் இடையே உள்ள வித்தியாசம் வேறுவிதமாகத் தெரிந்தது. வறியவரின் கண் எப்போதும் தனிப்பொருளின் விலையிலேயே தங்குகிறது. அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை; கையில் நாற்பது டொலர் இருக்கும் நாளில் நாற்பது டொலர்ப் பொருளைத்தான் வாங்க முடியும்.

பழைய குளிரூட்டியின் உண்மையான குறை பரிமாணத்தில் இல்லை, உள்ளே இருக்கிறது. ஓர் எஞ்சின் உடையும்போது அதன் உலோகத் துகள்கள் எண்ணெயோடு சுற்றி வந்து குளிரூட்டியின் மடிப்புகளிற் தங்கிவிடும். எத்தனை முறை கழுவினாலும் அத்தனையும் வந்துவிட்டன என்று சொல்ல முடியாது. உள்ளே பார்ப்பதற்கு வழியில்லை. என்றோ ஒரு நாள், சூடும் அதிர்வும் சேர்ந்து தளர்த்திவிட, அந்நியமான எஞ்சினின் அந்தத் துகள் நம் எஞ்சினின் தாங்கியைத் தேடி வரும். விமானத்துறையில், உள்ளே உலோகம் உடைந்த எஞ்சினின் குளிரூட்டியை மாற்றிவிடுவது இதனாலேயே வழக்கமாயிருக்கிறது. இந்த ஐயத்துக்கு எத்தனை டொலர் என்று அட்டவணையில் எழுதுவது? நிரலை வெறுமையாக விட்டு மாமாவுக்கு அனுப்பினேன்.

"பழசுகளிலதானே பிள்ளை நாங்கள் எல்லாம் ஓட்டினாங்கள்" என்றார். அது உண்மை. அந்தக் கராஜில் புதிய உறுப்பு என்று ஒன்று ஐந்து ஆண்டுகளாக வந்ததில்லை. அவருடைய கைத்திறன் முழுவதும் பழையதைத் தேற்றி ஓட்டுவதிற் பழகியது. "அப்போது வேறு வழி இருக்கவில்லை மாமா, இப்போது இருக்கிறதே" என்று சொன்னேன். அவர் பேசவில்லை. தடைக்காலத்துச் சிக்கனம் ஒரு மனிதனின் எலும்பில் இறங்கிவிட்டால் தடை நீங்கிய முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அது எலும்பிலேயே இருக்கிறது என்பதை நான் அந்த மௌனத்திற் கேட்டேன்.

இன்னொன்றும் இருந்தது, அதை அவர் வாயால் சொல்லமாட்டார். மாதந்தோறும் அவர் வீட்டுக்கு அனுப்பும் நூறு டொலரிலேதான் என் விடுதிக் கட்டணமும் சாப்பாடும் புத்தகமும் நடக்கின்றன. அந்தத் தொண்ணூற்றைந்து டொலர் வித்தியாசம் ஏறக்குறைய என் ஒரு மாதம். நான் தயாரித்த அட்டவணையில் என் பெயர் எந்த நிரலிலும் இல்லை, ஆயினும் எல்லா நிரலிலும் நான் இருந்தேன். "ஒரு மாதம் எனக்கு அனுப்பாமல் விடுங்கள்" என்று சொன்னபோது மாமாவுக்கு வந்த கோபம் நான் இதுவரை கண்டிராதது. "உன்னட்டை விலை கேட்டனான், காசு கேக்கேல்லை" என்று தொலைபேசியை வைத்துவிட்டார். இரண்டு ஞாயிறுகள் அழைப்பு வரவில்லை.

மாமி இந்த விமானத்தை ஒரு நாளும் ஆதரித்தவரல்லர். அவரும் குடாநாட்டில் வளர்ந்தவர். வானில் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்குள் ஓடிய தலைமுறை அவர்களுடையது. பொம்பரின் ஒலியையும் அவ்ரோவின் ஒலியையும் பிரித்தறியக் கற்ற பிள்ளைகள். "வானத்துக்குப் பயந்து குழிக்குள்ள இருந்த மனுசன் இப்ப வானத்துக்குக் காசு கட்டுறார்" என்று அம்மாவிடம் முறையிடுவார். மாமாவோ அந்தக் குழியிலிருந்தே இந்த விமானம் தொடங்கியது என்பார். மேலே இருப்பவனுக்குக் கீழே எப்படித் தெரிகிறது என்று பார்க்கவேண்டும் என்ற ஆசை, பயத்தோடு பயமாக அன்றே உள்ளே விழுந்ததாம். இருவர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே படுகிறது. 1996க்குப் பின் பிறந்த நான் அந்த ஒலிகளைக் குடாநாட்டில் கேட்டவளல்லள். தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை.

மூன்றாம் ஞாயிறு மாமா அழைத்தபோது அடுக்குத்தகட்டுக் குளிரூட்டியை வாங்கிவிட்டதாகச் சொன்னார். என் அட்டவணை அவரை மாற்றியது என்று பெருமைப்பட எண்ணியிருந்தேன். நடந்தது வேறு. பழைய குளிரூட்டியைக் கழுவுவதற்காகச் சமையலறைத் தொட்டிக்குக் கொண்டுபோயிருக்கிறார். கராஜுக்குள் காலெடுத்து வைக்காத மாமி அதைப் பார்த்துவிட்டு, "இது ஆரின்ர எஞ்சினில இருந்தது?" என்று கேட்டாராம். பெண்ணெடுக்கும் வீட்டிலும் மாடு வாங்கும் பட்டியிலும் நம்மவர் கேட்கும் கேள்வி. மாமாவிடம் மறுமொழி இல்லை. விற்றவனிடமும் இருந்திருக்காது. நான் ஒரு வாரம் இருந்து எழுதி, வெறுமையாக விட்ட நிரல் அந்த ஒரு கேள்விதான்.

வாங்கியதோடு வேலை முடியவில்லை. குளிரூட்டி தானாகக் குளிர்வதில்லை, காற்று அதனூடாகப் போக வேண்டும். முன்னால் வாயில் வைத்தால் காற்று வந்துவிடும் என்று நாம் நினைப்போம். பின்னால் அதற்கு வெளியேறும் வழி தாராளமாக இல்லையேல் காற்று வாயிலில் நின்று வழிந்து போய்விடும். அமுக்க வித்தியாசமே காற்றைத் தள்ளுகிறது. மணிக்கு 100 மைல் வேகத்திற் பறக்கும் விமானத்தின் முகத்தில் காற்று ஏற்படுத்தும் அமுக்கம் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் உயர நீரின் அமுக்கம். மேலேறும்போது வேகம் 60 மைலுக்கு இறங்கினால் அது நாலரைச் சென்ரிமீற்றராகிவிடுகிறது. வேகம் பாதியளவாகக் குறைய அமுக்கம் காலளவாகக் குறையும் என்ற வர்க்கக் கணக்கு. எஞ்சின் முழு வலுவோடு உழைத்து அதிக வெப்பம் தரும் நேரமும், காற்று மிகக் குறைவாகக் கிடைக்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. கோடை நண்பகலில் இது இன்னும் கடுமையாகும். எண்ணெய்க்கும் காற்றுக்கும் இடையேயுள்ள வெப்ப வேறுபாடு சுருங்கச் சுருங்க, அதே பெட்டி குறைவாகவே ஆற்றும். எனவே குளிரூட்டியைச் சிலிண்டர்களைத் தாண்டி வந்த சூடான காற்றில் வைக்காமல், முன்வாயிலின் புதுக்காற்று நேரே வந்து சேருமாறு ஒரு தகரக் குழல் வளைத்தார் மாமா. குழல் வாயிலில் ஒடுங்கியும் குளிரூட்டியின் முகப்புக்கு வரும்போது படிப்படியாக அகன்றும் இருக்கவேண்டும். அகலும்போது காற்று வேகம் தணிந்து முகப்பு முழுவதிலும் பரவும்.

அமுக்கத்தை அளப்பதற்கு அவர் செய்த கருவி எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் குழாய் ஒன்றை ஆங்கில 'யூ' எழுத்தைப்போல் வளைத்து, ஒரு பலகையில் ஆணியடித்து, கேசரிக்குப் போடும் சிவப்பு நிறம் கலந்த நீரை அதில் ஊற்றினார். ஒரு நுனி குளிரூட்டிக்கு முன்னே, மறு நுனி பின்னே. இரு பக்க நீர்மட்டங்களின் வித்தியாசத்தை அளவுகோலால் அளந்து படிக்கலாம். செலவு மூன்று டொலர். பட்டியலில் நான் எழுதிய தொகைகளுள் மிகச் சிறியது இதுவே.

பூட்டுவதிலும் சில நுணுக்கங்கள் உள. எஞ்சினின் அதிர்வு அலுமினியத்தின் ஒட்டிடங்களை வெடிக்கச் செய்யும் என்பதால் இறப்பர்த் துண்டுகளின்மேல் இருத்தினார். வாயில்கள் மேற்புறம் நோக்கி இருக்குமாறு வைத்தார். அடியில் வைத்தால் உள்ளே காற்று சிறைப்பட்டுத் தங்கும். எஞ்சினில் ஏற்கெனவே உள்ள வால்வு ஒன்று, குளிர்ந்து தடித்த எண்ணெயைக் குளிரூட்டிக்கு அனுப்பாமல் நேரே தாங்கிகளுக்கு விடுகிறது. ஜேர்மனியில் 1930களில் சிந்தித்தவர்கள் இதை மறக்காமற் செய்து வைத்தார்கள் என்று மாமா மெச்சினார்.

கடந்த ஐப்பசியில் விமானத்தைக் கட்டிவைத்து எஞ்சினை ஓட்டியபோது நான் தொலைபேசியிற் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் வெப்பமானியின் முள் எட்டு நிமிடத்தில் 88இற்கு வந்தது. மாமா அதற்கு மேல் ஓட்டவில்லை. நிலத்தில் நிற்கும்போது உந்தியின் காற்று மட்டுமே கிடைப்பதால் நீண்ட நேரம் ஓட்டுவது பொருளற்றது. இந்த எண்ணிலிருந்து ஆகாயத்தில் என்னவாகும் என்று ஊகிக்கவும் முடியாது. முதற் பறப்பில் முள் 110ஐ நெருங்கினால் மூக்கைத் தாழ்த்துவது, வலுவைக் குறைப்பது, வேகத்தைக் கூட்டுவது என்ற மூன்றையும் ஒரு சிறு அட்டையில் தமிழில் எழுதி மானிப் பலகையில் ஒட்டியிருக்கிறார். எழுத்து மாமியினுடையது. மாமாவின் எழுத்தை அவசரத்தில் யாராலும் வாசிக்க இயலாது என்று மாமியே எழுதிக் கொடுத்தாராம்.

மொத்தச் செலவு முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு டொலர், செந்நீர்க் குழாயையும் சேர்த்து. நாற்பது டொலர்க் குளிரூட்டியைத் திருப்பி எடுக்க விற்றவர் இசையவில்லை. அது இப்போது கராஜ்க் கதவு மூடாமலிருக்க முட்டுக் கொடுத்து நிற்கிறது. அம்மாதமும் எனக்கு வரவேண்டிய பணம் வரவேண்டிய நாளில் வந்தது. விமானத்துக்கு நீல நிறம் பூசுவதாக இருந்த எண்ணத்தை மாமா அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டதாக மாமி அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொன்னார். சிறகுத் துணியை வெயிலிலிருந்து காக்கும் வெள்ளிநிற அடிப்பூச்சோடு, குளிரூட்டியின் முகப்பைப் பாதி மறைத்த மாரித் தகட்டோடு, பரிசோதகரின் வரவுக்காக அது அங்கே நிற்கிறது.